வேகம் வேறு, தாளம் வேறு: சிறு கணினிப் பலகைகளின் கதை

2013ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி இத்தாலியின் ரோம் நகரில் நடந்த தொழில்நுட்பக் கண்காட்சியில் இண்டெல் நிறுவனம் ஒரு சிறிய கணினிப் பலகையை அறிமுகப்படுத்தியது. வானியல் மேதை கலிலியோவின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டிருந்தது. உலகெங்கும் உள்ள 1,000 பல்கலைக்கழகங்களுக்கு 18 மாதங்களில் 50,000 பலகைகளை அன்பளிப்பாக வழங்கப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது.

கலிலியோ பலகையில் லினக்ஸ் இயங்குதளம் ஓடியது. அதன் சில்லு 400 மெகாஹெர்ட்ஸ் வேகம் கொண்டது. மாணவர்கள் அப்போது பரவலாகப் பயன்படுத்திவந்த ஆர்டுயினோ ஊனோ பலகையின் சில்லோ வெறும் 16 மெகாஹெர்ட்ஸ்தான். அதாவது, புதியது பழையதைவிட 25 மடங்கு வேகம். ஆர்டுயினோவுக்கு எழுதிய நிரலைக் கலிலியோவிலும் ஓட்டலாம் என்பதே அதன் சிறப்பாகச் சொல்லப்பட்டது.

ஓட்டிப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. மின்முனை ஒன்றில் மின்சாரத்தை விட்டு நிறுத்துவது மிகச் சாதாரண வேலை. ஊனோ அதை விநாடிக்குச் சுமார் ஒரு லட்சம் முறை செய்யும். கலிலியோவிலோ, பெரும்பாலான முனைகளில் அதே வேலை விநாடிக்குச் சுமார் 230 முறைதான் நடந்தது.

25 மடங்கு வேகமான சில்லு, இந்தச் சின்ன வேலையில் பல நூறு மடங்கு பின்தங்கியது ஏன்? இந்தக் கேள்விக்குள் சிறு கணினிப் பலகைகளின் இருபது ஆண்டு வரலாறே அடங்கியிருக்கிறது. அந்த வரலாறு வடஇத்தாலியின் ஒரு சிற்றூரில் தொடங்குகிறது.

மாணவர் எழுதிய மொழி

அந்த ஊரின் பெயர் இவ்ரியா. தட்டச்சு இயந்திரங்களுக்குப் புகழ்பெற்ற ஒலிவெட்டி நிறுவனம் 1908ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. 2001ஆம் ஆண்டு அங்கே வடிவமைப்புக் கலைக்கான ஓர் உயர்கல்விக் கழகம் தொடங்கப்பட்டது. அங்குப் படிக்க வந்தவர்களில் பலர் கலைஞர்கள். விளக்கை மினுக்க வேண்டும், பொம்மையை அசைக்க வேண்டும், கை தொட்டால் இசை எழ வேண்டும் என்பன போன்றவை அவர்களின் ஆசைகள். ஆனால் அதற்கு வேண்டிய மின்னணுச் சில்லுகளை இயக்கப் பொறியியல் படிப்பு தேவைப்பட்டது.

இந்தத் தடையை உடைத்தவர் கொலம்பியா நாட்டிலிருந்து வந்த மாணவர் ஹெர்னாண்டோ பராகான். 2003ஆம் ஆண்டு தமது முதுகலை ஆய்வுக்காக 'ஒயரிங்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ஒரு சுற்றுப் பலகை, அதற்கு நிரல் எழுத ஓர் எளிய மென்பொருள், மனிதருக்குப் புரியும் சில கட்டளைகள். இவைதாம் ஒயரிங்.

இந்த முனையை வெளியீடாக வை, இதற்கு மின்சாரம் கொடு, இத்தனை நேரம் காத்திரு என்று நேரடியாகவே எழுதலாம். நிரலுக்கு இரண்டே பகுதிகள். 'செட்டப்' என்ற பகுதி தொடக்கத்தில் ஒரே ஒரு முறை ஓடும். 'லூப்' என்ற பகுதி மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டே இருக்கும். அரை மணி நேரத்தில் ஒரு கலைஞர் கற்றுக்கொண்டுவிடலாம்.

பராகானின் ஆய்வுக்கு வழிகாட்டிய இருவரில் ஒருவர் மாசிமோ பான்சி. 2005ஆம் ஆண்டு பான்சியும் டேவிட் குவார்ட்டியேயஸ், டேவிட் மெல்லிஸ் முதலியோரும் சேர்ந்து, ஒயரிங்கை அடிப்படையாக வைத்து, விலை குறைந்த சில்லு ஒன்றுக்கு ஏற்றாற்போல ஒரு பலகையை உருவாக்கினார்கள். அந்தக் குழுவினர் கூடிப் பேசும் மதுக்கடைக்கு, 1002ஆம் ஆண்டு இத்தாலியின் மன்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவ்ரியாவின் ஆர்டுயின் பெயர் வைக்கப்பட்டிருந்தது. கடையின் பெயரே பலகைக்கும் வந்தது. அதுதான் ஆர்டுயினோ.

ஆர்டுயினோ உலகை வலம் வந்தது. அதன் மொழிக்கு ஒயரிங்தான் அடிப்படை என்று ஆர்டுயினோவின் ஆவணங்களே குறிப்பிட்டாலும், பராகானின் பெயரை அறிந்தவர்கள் மிகக் குறைவு. 2016ஆம் ஆண்டு அவரே நீண்ட கட்டுரை ஒன்றை எழுதித் தமது பங்கை உலகுக்கு எடுத்துரைக்க வேண்டியிருந்தது.

தாளம் போடுபவரும் மண்டப மேலாளரும்

ஆர்டுயினோவின் இதயமாக இருப்பது மைக்ரோகன்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி. வீட்டுச் சலவை இயந்திரத்திலும் மின்தூக்கியிலும் இருப்பது இதே இனத்துச் சில்லுதான். ஊனோவின் சில்லில் தற்காலிக நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. நிரலைச் சேமிக்க 32 கிலோபைட். ஒரு கைப்பேசிப் படத்தைக்கூட அதில் வைக்க முடியாது.

ஆனால் அதற்கு ஒரு பெரிய குணம் உண்டு. அதற்கு ஒரே ஒரு வேலை. நாகசுரக் கச்சேரியில் தாளம் போடுபவரைப் போன்றது அது. யார் வந்தாலும் போனாலும் அவர் கை நிற்காது. அடுத்த தட்டு எப்போது விழும் என்பது அவருக்கும் தெரியும், வாசிப்பவருக்கும் தெரியும்.

லினக்ஸ் ஓடும் கணினி அப்படியல்ல. அது திருமண மண்டபத்தின் மேலாளர். ஒரு பக்கம் பந்தி, ஒரு பக்கம் வாகன நிறுத்தம், ஒரு பக்கம் மின்விளக்கு. எல்லாவற்றையும் மாறி மாறிக் கவனிக்கிறார். மிகவும் சுறுசுறுப்பானவர்தான். ஆனால் அவர் கையில் தாளத்தையும் கொடுத்தால் என்ன ஆகும்? பந்தியில் யாரோ கூப்பிடும்போது ஒரு தட்டு தவறும்.

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டொர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், பல நிரல்களுக்கும் பல பயனர்களுக்கும் நேரத்தை நியாயமாகப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அமைந்தது. எந்த நிரலும் செயலியை முழுவதுமாகத் தன்வசம் வைத்துக்கொள்ள முடியாது. சில ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அது பெரிய குறையா என்று நேயர்கள் கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பள்ளிச் செய்முறைகளில் அதிகம் பயன்படும் டிஎச்டி11 என்ற வெப்பநிலை உணரி, தன் அளவைத் துடிப்புகளாகச் சொல்கிறது. 26 முதல் 28 மைக்ரோ விநாடி நீளும் துடிப்பு என்றால் பூஜ்யம். 70 மைக்ரோ விநாடி நீண்டால் ஒன்று. ஒரு மைக்ரோ விநாடி என்பது விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லினக்ஸ் ஒரே ஒரு மில்லி விநாடி வேறு வேலைக்குப் போய்த் திரும்பினாலும் பத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள் கடந்துவிடும். வெப்பநிலை தவறாக வரும், அல்லது வராமலே போகும்.

கலிலியோ ஏன் திணறியது?

இப்போது கலிலியோவுக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு சிக்கல்கள் ஒன்று சேர்ந்தன. முதலாவது, வன்பொருளில் இருந்தது. பலகையின் பெரும்பாலான முனைகள் முதன்மைச் சில்லோடு நேரடியாக இணைக்கப்படவில்லை. இடையில் ஓர் உதவிச் சில்லு இருந்தது. அதனுடன் இரு கம்பித் தடம் ஒன்றின் வழியாகத் தகவல் பரிமாறியே ஒவ்வொரு முனையையும் இயக்க வேண்டியிருந்தது. 230 என்ற எண்ணிக்கைக்கு முக்கியக் காரணம் இதுவே. 2014ஆம் ஆண்டு வந்த இரண்டாம் தலைமுறைப் பலகையில் பெரும்பாலான முனைகள் நேரடியாக இணைக்கப்பட்டன.

இரண்டாவது சிக்கல், மென்பொருளில் இருந்தது. அதை இணைப்பை மாற்றித் தீர்க்க முடியவில்லை. மாணவர் எழுதிய ஆர்டுயினோ நிரல், கலிலியோவில் லினக்ஸின் பல நிரல்களுள் ஒன்றாகவே ஓடியது. மேலாளர் நேரம் ஒதுக்கினால்தான் அதற்கு வாய்ப்பு.

இன்னொரு வேறுபாடும் மாணவர்களைக் குழப்பியது. ஊனோவில் ஏற்றிய நிரல் மின்சாரத்தை நிறுத்தினாலும் அழியாது. கலிலியோவிலோ, தனியாக ஒரு நினைவட்டையில் லினக்ஸை ஏற்றி இயக்கினால் மட்டுமே நிரல் தங்கும். இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் நிரலும் போய்விடும்.

ஆக, மொழி ஒன்றாக இருந்தது. கட்டளைகள் ஒன்றாக இருந்தன. ஆனால் அந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் இருந்த உறுதிமொழி மாறிவிட்டது. 'இத்தனை நேரம் காத்திரு' என்று ஊனோவிடம் சொன்னால், மிக நெருக்கமாக அந்த நேரமே காத்திருக்கும். லினக்ஸிடம் சொன்னால், குறைந்தது அவ்வளவு நேரம் காத்திருக்கும். எவ்வளவு கூடுதலாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிறகு ஏன் லினக்ஸ்?

இவ்வளவு தொல்லை என்றால் லினக்ஸை விட்டுவிடலாமே என்று தோன்றும். விட முடியாததற்கும் காரணம் இருக்கிறது. படக்கருவியை இணைக்க வேண்டும், இணையத்தில் தகவல் அனுப்ப வேண்டும், பாதுகாப்பான இணைப்பு வேண்டும், கோப்புகளைச் சேமிக்க வேண்டும் என்றால் 2 கிலோபைட் நினைவகம் எந்த மூலைக்கு?

2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் தேதி பிரிட்டனில் ராஸ்பெரி பை பலகை விற்பனைக்கு வந்தபோது இந்த ஆசை பன்மடங்காயிற்று. 35 அமெரிக்க வெள்ளிக்கு லினக்ஸ் ஓடும் முழுக் கணினி, அதில் கம்பி இணைக்க மின்முனைகளும் உண்டு. அதே ஆண்டில் கோர்டன் ஹெண்டர்சன் என்பவர் 'ஒயரிங்பை' என்ற நிரல் தொகுப்பை எழுதினார். இவ்ரியாவில் பிறந்த அந்தக் கட்டளைகள் ராஸ்பெரி பையிலும் செயல்படத் தொடங்கின. பராகானின் திட்டப் பெயரும் அந்தத் தொகுப்பின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

லினக்ஸின் வழக்கமான பாதையில் போனால் தாமதமாகும் என்பதால், ஒயரிங்பை சில்லின் கட்டுப்பாட்டு இடங்களை நேரடியாகவே தொட்டது. வேகம் கிடைத்தது. ஆனால் அந்த உத்தி அந்தந்தச் சில்லுக்கு மட்டுமே பொருந்தும். 2023ஆம் ஆண்டு வந்த ராஸ்பெரி பை 5 பலகையில் மின்முனைகள் தனிச் சில்லு ஒன்றுக்கு மாற்றப்பட்டபோது, பழைய இடங்களைத் தேடிச் சென்ற பல நிரல் தொகுப்புகள் செயலிழந்தன. அவற்றைத் திருத்த வேண்டியதாயிற்று. அதோடு, எவ்வளவு வேகமாக எழுதினாலும் இடையில் லினக்ஸ் குறுக்கிடுவதை அந்த உத்தியால் நிறுத்த முடியவில்லை.

வேலையைப் பிரித்துக் கொடுத்தார்கள்

இன்னொரு பிரிவினர் வேறு விதமாகச் சிந்தித்தார்கள். மேலாளரைத் தாளம் போடச் சொல்வானேன்? தாளம் போட ஒருவரை அருகிலேயே உட்கார வைத்துவிடலாமே!

கலிலியோ அறிமுகமான அதே 2013ஆம் ஆண்டில் ஆர்டுயினோ நிறுவனமே 'யூன்' என்ற பலகையை வெளியிட்டது. சீன மொழியில் அதற்கு மேகம் என்று பொருள். அதில் லினக்ஸ் ஓடும் செயலி ஒன்று, வழக்கமான நுண்கட்டுப்படுத்தி ஒன்று. இரண்டுக்கும் இடையே ஒரு பாலம். இத்தாலியில் உருவான 'ஊடூ' என்ற பலகையும் அதே ஆண்டில் அதே வழியைப் பின்பற்றியது.

அமெரிக்காவின் பீகிள்போன் பிளாக் பலகை மேலும் ஒரு படி சென்றது. 45 அமெரிக்க வெள்ளிக்கு 2013 ஏப்ரலில் வந்த அந்தப் பலகையின் முதன்மைச் சில்லுக்குள்ளேயே இரண்டு குட்டிச் செயலிகள் இருந்தன. ஒவ்வொன்றும் 200 மெகாஹெர்ட்ஸ். லினக்ஸ் எவ்வளவு பரபரப்பாக இருந்தாலும் அவை தம் பாட்டுக்கு ஓடும். ஆர்டுயினோ பலகையில் தொடங்கிய 'ஆர்டுபைலட்' என்ற ஆளில்லா விமான மென்பொருள் பிற்காலத்தில் லினக்ஸ் பலகைகளுக்கு வந்தபோது, பீகிள்போனில் விசைப்பொறிகளுக்கான துடிப்புகளைத் தரும் பொறுப்பு இந்தக் குட்டிச் செயலிகளுக்கே கொடுக்கப்பட்டது. விமானம் வானத்தில் இருக்கும்போது தாளம் தவறினால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு பொதுவெளிக்கு வந்த 'கிளிப்பர்' என்ற மென்பொருள் முப்பரிமாண அச்சு இயந்திரங்களில் இதே பங்கீட்டைச் செய்தது. கடினமான கணக்குகளை ராஸ்பெரி பை போடும். எந்தக் கணத்தில் விசைப்பொறி நகர வேண்டும் என்ற அட்டவணையை முன்கூட்டியே நுண்கட்டுப்படுத்தியிடம் கொடுத்துவிடும். அட்டவணைப்படி நடத்துவது மட்டுமே அதன் வேலை. சுவையான செய்தி என்னவென்றால், கிளிப்பரின் நுண்கட்டுப்படுத்தி நிரலை லினக்ஸுக்குள்ளேயே ஒரு நிரலாக ஓட்டவும் வசதி உண்டு. அதிர்வை அளக்கும் உணரியைப் படிப்பது போன்ற வேலைகளுக்கு அது உதவுகிறது.

லினக்ஸையே திருத்தியவர்கள்

மூன்றாவது பிரிவினர் மேலாளரையே பழக்கிவிடலாம் என்று முனைந்தார்கள். அவசர வேலை வந்தால் லினக்ஸ் கையில் உள்ளதை உடனே கீழே வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். இங்கோ மோல்னார், தோமஸ் கிளைக்ஸ்னர் போன்றோர் 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில் இப்பணியில் இறங்கினார்கள். லினக்ஸைக் கொண்டு தொழிற்சாலையின் லேசர் கருவியை இயக்குவது பைத்தியக்காரத்தனம் என்று 2006ஆம் ஆண்டு டொர்வால்ட்ஸ் கேலியாகச் சொன்னாலும், முயற்சியைத் தடுக்கவில்லை.

சிறுகச் சிறுக நடந்த அந்தப் பணி முழுமை பெற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் கடைசிப் பகுதி லினக்ஸின் மூலத்தோடு சேர்க்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில் அது இடம்பெற்றது. இப்போது லினக்ஸின் தாமதத்தை முன்பைவிடப் பெரிதும் கட்டுக்குள் வைக்க முடிகிறது. ஆயினும் ஒரு மைக்ரோ விநாடி கணக்கில் தாளம் வேண்டிய வேலைக்கு இன்றும் நுண்கட்டுப்படுத்தியே தேவைப்படுகிறது.

செவ்வாயில் தவறிய ஒரு தாளம்

இந்தப் பாடத்தின் முக்கியத்துவத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று செவ்வாய்க் கோளில் நடந்தது. 1.8 கிலோகிராம் எடையுள்ள 'இன்ஜெனியுட்டி' ஹெலிகாப்டர் 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி அங்கு முதன்முதலில் பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். கைப்பேசிகளில் பயன்பட்ட ஸ்னாப்டிராகன் 801 சில்லில் லினக்ஸ் ஓடியது. படங்களைப் பார்த்து இடத்தைக் கணிப்பது அதன் வேலை. விநாடிக்கு 500 முறை விமானத்தின் நிலையைத் திருத்தும் பொறுப்போ தனி நுண்கட்டுப்படுத்திகளிடம் இருந்தது.

அவ்வாண்டு மே 22ஆம் தேதி நடந்த ஆறாவது பயணத்தில், பறக்கத் தொடங்கிச் சுமார் 54 விநாடிகள் ஆனபோது, படக்கருவியிலிருந்து வந்த ஒரே ஒரு படம் தொலைந்தது. ஒரு படம் போனது பெரிதல்ல. அதற்குப் பின் வந்த படங்கள் எல்லாம் தவறான நேரக் குறிப்போடு வந்ததுதான் சிக்கல். தான் இருக்கும் இடம் பற்றித் தவறான எண்ணம் கொண்ட ஹெலிகாப்டர் 20 பாகைக்கும் மேல் சாய்ந்து சாய்ந்து ஆடியது. தரையிறங்கும் கடைசிக் கட்டத்தில் படங்களை நம்பக்கூடாது என்று பொறியாளர்கள் முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்த முன்னெச்சரிக்கையும் கைகொடுக்க, குறித்த இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் அது பத்திரமாக இறங்கியது. 2024 ஜனவரி வரை மொத்தம் 72 முறை பறந்தது.

தகவல் சரியாக இருந்தாலும் அதன் நேரம் தவறினால் தகவலே தவறாகிவிடும். பள்ளி மேசையில் வெப்பநிலை உணரி சொல்லும் பாடமும் இதுதான்.

நிலைத்தது எது?

கலிலியோவின் கதை நீண்ட காலம் நீடிக்கவில்லை. அறிமுகமாகி நான்கு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2017ஆம் ஆண்டு ஜூனில் கலிலியோ, எடிசன், ஜூல் ஆகிய மூன்று பலகைகளையும் நிறுத்தப்போவதாக இண்டெல் அறிவித்தது. அந்தப் பலகையின் தனி வசதிகளை நம்பிப் பாடம் அமைத்தவர்கள் மாற்றுவழி தேட வேண்டியிருந்தது. ஆனால் 'செட்டப்', 'லூப்' என்ற இரு பகுதிகளில் எழுதிய எளிய நிரல்கள் வேறு பலகைக்கு மாறிக்கொண்டன. பலகை போனாலும் மொழி போகவில்லை. அந்த மொழி யாருடைய பூட்டுக்குள்ளும் இல்லாமல் திறந்திருந்ததே அதற்குக் காரணம்.

2021 ஜனவரியில் ராஸ்பெரி பை தரப்பினரே 4 அமெரிக்க வெள்ளி விலையில் 'பிக்கோ' என்ற நுண்கட்டுப்படுத்திப் பலகையை வெளியிட்டார்கள். லினக்ஸ் கணினிக்குப் பேர்போனவர்களும் தாளம் போடத் தனி ஆள் வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டதாக அதைக் கருதலாம். 2023ஆம் ஆண்டு வந்த 'மில்க்வி டுவோ' பலகையின் ஒரே சில்லில் பெரிய செயலி லினக்ஸை ஓட்ட, சிறிய செயலி ஆர்டுயினோ நிரலை ஓட்டும் ஏற்பாடு அமைந்தது.

2025ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, குவால்காம் நிறுவனம் ஆர்டுயினோவை வாங்க உடன்பாடு கண்டிருப்பதாக அறிவித்தது. அதே நாளில் 'ஊனோ கியூ' என்ற பலகையும் அறிமுகமானது. அதில் லினக்ஸ் ஓடும் குவால்காம் செயலியும் இருக்கிறது, ஆர்டுயினோ நிரல் ஓடும் நுண்கட்டுப்படுத்தியும் இருக்கிறது. யூன் காட்டிய வழிக்கே பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆர்டுயினோ திரும்பியிருக்கிறது.

பிள்ளைகளுக்குப் பலகை வாங்க நினைக்கும் பெற்றோரும், பள்ளிக்குத் தேர்வு செய்யும் ஆசிரியரும் விளம்பரத்தில் உள்ள மெகாஹெர்ட்ஸ் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது. இந்தப் பலகையில் தாளத்தைக் கவனிப்பது யார்? இதை உருவாக்கிய நிறுவனம் நாளை கைவிட்டாலும், பிள்ளை கற்றுக்கொண்டது வேறு பலகையில் செல்லுபடியாகுமா?

இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற விடை இன்று பெரும்பாலும் கிடைக்கிறதென்றால், அதற்கு இவ்ரியாவில் ஆய்வேடு எழுதிய அந்தக் கொலம்பிய மாணவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பாடம் நடத்தும் ஆசிரியர்கள் ஹெர்னாண்டோ பராகான் என்ற பெயரையும் மாணவர்களுக்கு ஒரு முறை சொல்லிவைக்கலாம்.